கடைசியாக நலமாக இருந்த நேரம்

பெயர்: எராஸ்டோ கியேயுனே. வயது: 34. தகப்பனார்: யோகானா முலிந்த்வா, காலமாகிவிட்டார். விலாசம்: எண்டெபே நகரம், கிதோரோ, மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் நான்காவது. தொழில்: வானிலை நிலையத்தில் கண்காணிப்பாளர். எழுதப் படிக்கத் தெரியும். டிசம்பர் மாதம் 1-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 9.20 மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் ஓக்வீர் அவர்கள் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கும் வாக்குமூலம்.

வற்புறுத்தல் இருந்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி நாகிமேராவுடன் எட்டு வருடமாகக் குடியிருந்து வந்தேன். இரண்டு வாரமாகத் தனியாகக் குடியிருக்கிறேன். என் மனைவி உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. இந்த வழக்கில் நோயாளியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும் தியோபிஸ்டா நாலுவோகா, வயது 63, என் மனைவியின் தாயார். மசாக்கா நகருக்குத் தெற்கே காப்பியும் அவரைக்காயும் பயிரிடுகிறார். பயிரிட்டு வந்தார். புகார் கொடுத்த செம்பகாலா என் மனைவியின் அண்ணன். நவம்பர் 11 செவ்வாய்க்கிழமை காலை பத்தரை முதல் பிற்பகல் ஒன்றே முக்கால் வரை நர்ஸ் லெட்டாரு நோயாளியின் பக்கமே வரவில்லை, அதனால்தான் பக்கவாதம் வந்தது தெரியாமல் போயிற்று என்பது அவருடைய புகார். நர்ஸ் லெட்டாரு வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார். குற்றம் நிரூபணமானால் சிறை என்று ஆய்வாளர் சொன்னார். அந்த மூன்றேகால் மணி நேரமும் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான். ஆகவே என்னை விசாரிக்கிறார்கள்.

என் வேலை பார்ப்பது. ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் முன்னதாக ஏரிக்கரையில் வேலிபோட்ட புல்வெளிக்குப் போய், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகளைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, பார்த்ததைக் கட்டத்தில் எழுதுவேன். பார்க்காவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். போன மணிக்கு இருந்ததையே எழுதக்கூடாது. ஊகித்து எழுதக்கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தந்தது இது ஒன்றுதான். பதினோரு வருடத்தில் இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒரு முறை மலேரியா. ஒரு முறை பெட்டிக்குள் தேனீ.

வழக்குக்குச் சம்பந்தம் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆய்வாளர் வடக்கு மாவட்டத்துக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் இனத்தில் மருமகன் மாமியாரைத் தொடக்கூடாது. முகத்துக்கு நேரே பார்க்கக்கூடாது. அவர் வரும் வழியில் நிற்கக்கூடாது. அவரும் அப்படியே, மருமகன் இருக்கும் இடத்தில் துணியால் முகத்தை மூடிக்கொள்வார். மீறினால் ஒபுக்கோ வரும் என்பார்கள். கை நடுங்கும், உடம்பு நடுங்கும், நிற்காது. நான் மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவன். ஒபுக்கோவை நம்புகிறாயா என்று ஆய்வாளர் கேட்டார். நம்பவில்லை. நம்பாமலே எட்டு வருடம் கடைப்பிடித்தேன். அது மரியாதை. எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை.

மசாக்கா வீட்டுக்குப் போனால் நான் முன்னறையில் வாசலைப் பார்த்து உட்காருவேன். அவர் சமையற்கட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார்.

"மருமகனே, இந்த வாரம் மழை உண்டா?"

"புதன்கிழமைக்கு மேல உண்டு, அத்தை."

"போன தடவையும் புதன்னீங்க. வியாழன்தான் பெஞ்சுது. அவரை விதையெல்லாம் கோழி தின்னுடுச்சு."

எட்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் ஏறக்குறைய இதுதான். அவர் முன்னறையைக் கடக்க வேண்டியிருந்தால் அகப்பையால் பானையில் மூன்று தட்டுத் தட்டுவார். நான் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் போவார். எல்லா மாமியாரும் இப்படித் தட்டுவதில்லை, சிலர் இருமுவார்கள். இவர் தட்டுவார்.

செப்டம்பர் மாதத்திலிருந்து மாமியாருக்கு மேடு ஏறினால் நெஞ்சு இறுகுவதாகச் சொன்னார்கள். அதன் பிறகு மசாக்காவில் பார்த்து, கம்பாலாவுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையின் பெயர் புகாரில் உள்ளது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் இரண்டு குறுகிவிட்டன, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். நவம்பர் 10 திங்கட்கிழமை மாலை சேர்த்தோம். செம்பகாலா கையெழுத்துப் போட்டுவிட்டு, காயவைத்த காப்பி நனைந்துவிடும் என்று அன்றே ஊருக்குத் திரும்பினார். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார்.

அவர் கிளம்புவதற்கு முன் மருத்துவர் எங்களை நடைவழியில் நிறுத்திப் பேசினார். மாமியார் சக்கர நாற்காலியில் இருந்ததால் நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மணிக்கட்டு வழியாகக் கம்பியை இதயம்வரை கொண்டுபோவோம், போகும் வழியில் பெரிய குழாயின் சுவரில் படிந்திருக்கும் துணுக்கு ஏதாவது உதிர்ந்து மூளைக்குப் போய் அடைக்கலாம், முந்நூறு பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கும் என்றார். உடனேயும் நடக்கலாம், சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம் என்றார். அதன் பிறகு விரல்விட்டுச் சொன்னார்.

"மூஞ்சி ஒரு பக்கம் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா. கூட இருக்கறவங்க இந்த மூணையும் பாத்துக்கிட்டே இருங்க. ஒண்ணு தெரிஞ்சாலும் கத்துங்க. வெக்கப்பட வேண்டாம்."

தூணுக்குப் பின்னால் நின்றாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மாமியாரை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்பது நாற்பதுக்கு முடிந்தது. நன்றாக நடந்தது என்றார்கள். பத்து மணிக்கு வார்டில் ஆறாவது படுக்கையில் விட்டார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம். என் மனைவி இருந்தாள். அவளுக்கு அன்று பள்ளியில் பொதுத்தேர்வு மேற்பார்வை, பதினொன்றரைக்குள் போயாக வேண்டும். பத்து இருபதுக்கு என்னை உள்ளே அழைத்தாள்.

"அண்ணன் வர்ற வரைக்கும் நீங்கதான். ஒரு நிமிஷம்கூட நகராதீங்க."

"நானா? உங்கம்மாகிட்டயா?"

"வேற யாரு இருக்கா? நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கங்க. மூஞ்சியப் பாத்துடாதீங்க, சங்கடப்படுவாங்க. ஏற்கெனவே அந்தப் பச்ச கவுனுல கூனிக்குறுகிக் கெடக்காங்க."

மாமியாருக்குப் பூப்போட்ட மேல்துணி ஒன்றைக் கொடுத்துவிட்டு மனைவி போனாள். மாமியார் அதை இடது கையால் தலைக்கு மேல் இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. வலது மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டியிருந்தார்கள். அந்தக் கையை ஐந்து மணி நேரம் அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு சுவர், சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம். எனக்குப் பின்னால் அவர். இடையே ஒன்றரை அடி.

பத்தே முக்காலுக்கு நர்ஸ் லெட்டாரு வந்தார். வந்தார் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் நோயாளியிடம் சொல்லிக்கொண்டே பட்டையிலிருந்து ஊசியால் கொஞ்சம் காற்றை எடுத்தார், நாடி பார்த்தார், விரல் நிறம் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். அதன் பிறகு துணியை விலக்கப் போயிருக்க வேண்டும், மாமியார் "வேணாம் மகளே, மருமகன் இருக்காரு" என்றார். நர்ஸ் வடமேற்கே அருவா ஊர்ப் பக்கத்துக்காரர், அங்கே இந்த வழக்கம் இல்லை. சிரித்தார்.

"எங்க ஊர்ல மாமியார் மருமகன் தலையில குட்டு வெப்பா. நீங்க என்னடான்னா சுவரப் பாத்துக்கிட்டு பரீட்சைல காப்பியடிச்ச பையன் மாதிரி உக்காந்திருக்கீங்க."

துணிக்குள்ளிருந்து மாமியாரும் சிரித்தார். அவர் சிரிப்பதை அன்றுதான் சுவரில்லாமல் கேட்டேன்.

பதினொன்று பத்துக்கு மாமியார் பேசினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததால் நேரம் தெரியும்.

"மருமகனே, மழை உண்டா?"

"சாயங்காலம் உண்டு, அத்தை."

"செம்பகாலா காப்பிய உள்ள எடுத்து வெச்சிருப்பானா?"

"வெச்சிருப்பார்."

"அவனா."

அதுதான். அவர் சொன்ன கடைசி வார்த்தை அது. பாதி கேலி.

பதினொன்றேகாலுக்கு நர்ஸ் வந்தார், காற்றைக் குறைத்தார், போனார். மொத்தம் ஆறு படுக்கை, அன்று அவர் ஒருவர்தான். இன்னொரு நர்ஸ் விடுப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

பதினொன்று முப்பத்தைந்து இருக்கும். படுக்கையின் இரும்புக் கம்பியில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. பிறகு நிறுத்தி, மூன்று. பிறகு எண்ணிக்கை இல்லாமல்.

நான் எழுந்தேன். சுவரை நோக்கி இன்னும் நெருங்கி நின்றேன். அவர் எழுந்திருக்க முயல்கிறார், அல்லது துணியைச் சரிசெய்ய வேண்டும், என்னை விலகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தட்டு நிற்கவில்லை. அதன் பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரைச்சீலைக்கு வெளியே போய்ப் போட்டேன். நான்கடி. திரையையும் இழுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். அதன் பிறகு நின்றது.

நின்றபோது நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு நர்ஸ் வந்தார். "பேசினாங்களா?" என்று கேட்டார். "பேசினாங்க" என்றேன். அது உண்மை. முப்பத்தைந்து நிமிடம் பழைய உண்மை. என் அலுவலகத்தில் இப்படி எழுதினால் ஒரு மாதச் சம்பளம் பிடிப்பார்கள்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தார். துணி அசையவில்லை என்றார்.

"தூங்கறாங்களா? மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கறேனே."

"வேணாம் சிஸ்டர். நான் இருக்கும்போது வேணாம். அவங்களுக்கு அவமானமாயிடும்."

"அப்ப நீங்க ரெண்டு நிமிஷம் வெளிய போங்க. நடைவழில நின்னுட்டு வாங்க. உங்க வழக்கத்துக்கும் பங்கமில்ல, எனக்கும் வேலை முடியும்."

அப்போது இரண்டாவது படுக்கையின் மானிட்டர் அலறியது. அவர் ஓடினார். அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தார். ஒரு நிமிடம்கூட நகராதீர்கள் என்று மனைவி சொல்லியிருந்ததால் நான் வெளியே போகவில்லை. நான் வெளியே போய் நின்றிருந்தால் அவர் திரும்பி வந்து துணியை விலக்கியிருப்பார். இதை நானாகத்தான் சொல்கிறேன். ஆய்வாளர் கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு அவர் வேர்த்துப்போய் வந்தார். "எப்படி இருக்காங்க?" என்றார். "தூங்கறாங்க" என்றேன். நான் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்குகிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நர்ஸ் உள்ளே போய் வலது கைப் பட்டையின் காற்றைக் குறைத்துவிட்டுச் சொன்னது:

"சொன்னபடி கையை ஆடாம அசையாம வெச்சிருக்காங்க. இப்படி ஒரு பேஷன்ட் இந்த வார்டுலயே இல்ல. அஞ்சாம் நம்பர் பெரியவர் கையை ஆட்டி ஆட்டி அரசியல் பேசறாரு."

ஒன்றேகாலுக்கு மறுபடி வந்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன்.

ஒன்றே முக்காலுக்குச் செம்பகாலா வந்தார். மசாக்கா சாலையில் லாரி கவிழ்ந்து வழி அடைபட்டதாகச் சொன்னார். கையில் வாழையிலையில் பொதிந்த வாழைக்காய் மசியல், மத்தோக்கே, கொண்டுவந்திருந்தார், இன்னும் சூடாக இருந்தது. திரைக்குள் போனார். "அம்மா, எழுந்திரு. என்ன தூக்கம் இது, பட்டப்பகல்ல?" என்றார். துணியை விலக்கினார்.

அதன் பிறகு அவர் கத்தினார். நான் திரும்பினேன்.

எட்டு வருடத்தில் அப்போதுதான் என் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். வலது பாதி இறங்கியிருந்தது. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. இரண்டும். அவர் தூங்கவே இல்லை. இடது கை இன்னும் கம்பியின் மேல் இருந்தது, விரல் கணுக்களில் தோல் உரிந்திருந்தது.

முகம், கை, பேச்சு. மருத்துவர் சொன்ன மூன்று. முகத்தைத் துணி மூடியிருந்தது. கையைப் பட்டை கட்டியிருந்தது. பேச்சு எங்களுக்குள் எப்போதும் இல்லாதது. இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை.

நர்ஸ் லெட்டாரு ஓடிவந்தார். முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், "ஒவ்வொரு தடவையும் கேட்டேனே." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் வந்து கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? யார் பாத்தீங்க?"

"பதினொன்னு பத்து" என்றேன்.

"பாத்தீங்களா?"

"கேட்டேன்."

மூளைக் குழாயிலிருந்து அடைப்பை இழுத்தெடுக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் கிடையாது, நைரோபியிலிருந்து ஒரு மருத்துவர் அன்று வேறொரு நோயாளிக்காக வந்திருந்தார், பன்னிரண்டரை வரைக்கும் இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தார் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அதன் பிறகு அந்த நைரோபி மருத்துவர் எண்டெபேக்குப் போய் விமானம் ஏறிவிட்டார். அந்த விமானம் கிளம்பும் முன் விமானிக்குக் காற்றும் மேகமும் சொல்லும் தாள் எங்கள் நிலையத்திலிருந்துதான் போயிருக்கும். அன்று வானம் தெளிவு. தாமதமே இல்லை.

இப்போது வற்புறுத்தல் பற்றி.

நவம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை செம்பகாலா வீட்டில் கூடினார்கள். மாமியாரின் இடது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. படுத்தே கிடப்பதால், ஒற்றைக் கையாலேயே எல்லாம் செய்ய முயல்வதால் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. செம்பகாலா என்னிடம் சொன்னது:

"நீ தொட்டிருக்க, மச்சான். தொடாம இது வராது."

"நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"அதான் சொல்றேன். பாக்காம இருந்தா வராது. பாத்திருக்க, தொட்டிருக்க. தலையணைய சரிபண்ணினியா? தண்ணி குடுத்தியா?"

"குடுக்கல."

"மூணு மணி நேரமா ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கல?"

அங்கிருந்த ஒருவருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. தொட்டேன் என்றால் ஒபுக்கோ. தொடவில்லை என்றால் ஈவிரக்கமில்லாதவன். அதன் பிறகு செம்பகாலா என்னை வெளியே காப்பிக் களத்துக்கு அழைத்துப்போனார். தோளில் கை போட்டார்.

"இத பாரு. நர்ஸு அந்தப் பக்கமே வரலன்னு போலீஸ்ல சொல்லு. ஒரே வார்த்தை. அப்ப தப்பு அவளோடது. ஒபுக்கோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரியவங்ககிட்ட நான் பேசறேன். நாகிமேரா மறுநாளே உன் வீட்டுக்கு வந்துடுவா."

"அவங்க வந்தாங்க. ஆறு தடவ."

"உனக்கு யாரு முக்கியம்? அவ உனக்கு என்ன வேணும்? உன் இனமா, சனமா? அருவாக்காரி."

"தாள்ல எழுதியிருக்காங்க, நேரத்தோட."

"தாள் பொய்யின்னு சொல்லு. தாள் எழுதறது உன் பொழப்பு, உனக்குத் தெரியாதா அதுல எப்படிப் பொய் எழுதறதுன்னு?"

எனக்குத் தெரியும். பார்க்காமல் எழுதுவது.

அன்று என் மனைவி என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாமே." நான் அவளுக்கு நினைவூட்டவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னது யார் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் அவள் வருவதில்லை என்று நினைக்கிறேன். இது என் ஊகம். வெறுமையாக விட வேண்டிய கட்டம்.

ஆய்வாளர் மருத்துவமனைத் தாளைக் காட்டினார். பத்தே முக்கால், பதினொன்றேகால், பதினொன்றே முக்கால், பன்னிரண்டேகால், பன்னிரண்டே முக்கால், ஒன்றேகால். ஆறு வரி. எல்லாம் நர்ஸ் லெட்டாருவின் கையெழுத்து. அந்த ஆறு நேரத்திலும் அவர் வந்தார். கடைசி இரண்டு வரியில் "நோயாளி தூங்குகிறார், உடனிருப்பவர் தகவல்" என்று இருக்கிறது. அந்த உடனிருப்பவர் நான். அவர் துணியை விலக்கியிருக்க வேண்டும் என்று மருத்துவமனை சொல்கிறது. விலக்க வந்தார். மாமியார் ஒரு முறை தடுத்தார். நான் ஒரு முறை தடுத்தேன். மாமியார் தடுத்தபோது அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

மாமியாரைத் தொட்டாயா என்று ஆய்வாளர் கேட்டார். தொடவில்லை. ஒபுக்கோ என்ற பேச்சுக்கு என் பதில் இதுதான்: தொட்டிருந்தால் இன்று அவர் பேசிக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. கேட்கப்படவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை மசாக்கா போனேன். செம்பகாலா வீட்டில் இல்லை. கதவைத் திறந்தது என் மனைவி. ஒதுங்கி நின்றாள். மாமியாரை முன்னறையில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். நான் நேராகப் போய்க் கட்டிலுக்கு எதிரே, முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். இடது கையால் மேல்துணியை இழுத்தார். கை நடுங்கியதால் துணி பாதிதான் வந்தது. நன்றாக இருக்கும் பாதியை மூடிக்கொண்டார். இறங்கிய பாதி வெளியே இருந்தது. அந்தப் பக்கத்துக் கண் என்னையே பார்த்தது.

"மழை இல்ல, அத்தை" என்றேன். "வியாழக்கிழமை வரைக்கும் இல்ல."

அவர் கட்டில் சட்டத்தில் தட்டினார். மூன்று. பிறகு மூன்று. போ என்கிறாரா, இரு என்கிறாரா, தண்ணீரா, வலியா, தெரியாது. இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை. திரும்பவில்லை.

வாசற்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "இன்னும் என்ன பாக்கணும் உங்களுக்கு?"

அப்போது மூன்று ஐம்பது. அவர் மூச்சு சீராக இருந்தது. வலது கை அசைவில்லை. இடது கை நடுக்கம். கண்கள் திறந்திருந்தன. அவ்வளவுதான் நான் பார்த்தது.

இந்த வாக்குமூலத்தை உதவி ஆய்வாளர் ஓக்வீர் எழுதினார், எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் ஒரு முறை வாசித்தேன். எனக்குத் தெரிந்தவரை இதில் உள்ளதெல்லாம் உண்மை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் கேட்டேன். பன்னிரண்டே முக்கால் மணியைப் பற்றிய வரியில், "பார்த்து 'தூங்கறாங்க' என்றேன்" என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பெரிய விஷயமில்லை என்றார். "பார்த்து" என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) எ. கியேயுனே
1 டிசம்பர், காலை 11.10